கதவைத் திறந்தால் நின்றுவிடும் சத்தம்

கேள்வி: எங்கள் வீட்டு டபுள் டோர் ஃப்ரிட்ஜ் வாங்கி ஆறு வருடமாகிறது. பத்து நாளாக அதிலிருந்து 'கரகர'வென்று சத்தம் வருகிறது. ராத்திரியில் தூங்கவே முடியவில்லை. என்னவென்று ஃப்ரீசர் கதவைத் திறந்தால் உடனே நின்றுவிடுகிறது. வந்து பார்த்த மெக்கானிக் கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கதவைத் திறப்பதற்கும் கம்ப்ரசருக்கும் சம்பந்தமில்லை. திறந்த பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். பெரும்பாலான ஃப்ராஸ்ட் ஃப்ரீ (ஐஸைத் தானே உருக்கிவிடும்) ஃப்ரிட்ஜ்களில் கதவைத் திறந்ததும் நிற்பது உள்ளே இருக்கும் ஃபேன். ஃப்ரீசரின் பின்பக்கப் பிளாஸ்டிக் தகட்டுக்குள் இருந்துகொண்டு குளிர்காற்றைத் தள்ளுவது அதுதான்.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. கதவைத் திறந்து, கதவோரம் இருக்கும் சிறிய ஸ்விட்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள். கதவு மூடிவிட்டதாக நினைத்து ஃபேன் ஓடும். 'கரகர' திரும்ப வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். சில மாடல்களில் இந்த ஸ்விட்சுக்குப் பதில் காந்த சென்சார் இருக்கும். அதில் இது எடுபடாது.

ஃபேன் ஏன் உரசுகிறது? பெரும்பாலும் பின்னால் ஐஸ் கட்டி, இறக்கையின் நுனியில் தட்டுவதால்தான். பொருளையெல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். கீழே பழைய துணி போட மறக்காதீர்கள், தண்ணீர் ஓடும். கத்தியால் ஐஸைக் குத்த வேண்டாம். குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும். புது ஃப்ரிட்ஜ்களில் உள்ள ஆர்600ஏ கேஸ் தீப்பற்றக்கூடியதும்கூட.

அதற்குப் பிறகு சத்தம் போனால் சரி. ஓரிரு வாரத்தில் திரும்ப வந்தால், ஐஸ் ஏன் சேருகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் கதவு ரப்பர். ஒரு ரூபாய்த்தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. ரப்பர் நன்றாக இருந்தால் ஐஸை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டர், சென்சார், தண்ணீர் வடியும் துளை மூன்றையும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐஸே இல்லாமலும் உரசுகிறதா? அப்படியானால் ஃபேன் மோட்டார் தேய்ந்திருக்கும். அதை மட்டும் மாற்றலாம், கம்ப்ரசரோடு ஒப்பிட்டால் சொற்பச் செலவு.

கம்ப்ரசர் பக்கம் கோளாறு என்றால் சத்தம் வேறு மாதிரி இருக்கும். 'டக்' என்று ஒரு சத்தம், சில விநாடி உறுமல், மறுபடி 'டக்', பிறகு அமைதி. சில நிமிடம் கழித்துத் திரும்பவும் அதே கதை. கிளம்ப முயன்று முடியாமல் நிற்கிறது என்று அர்த்தம். உடனே ஆஃப் செய்துவிடுங்கள். அப்போதும் வோல்டேஜையும், கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலேயையும் பார்க்காமல் கம்ப்ரசரில் கை வைக்க விடாதீர்கள். கோடையில் வோல்டேஜ் இறங்கினாலே இப்படி ஆகும்.

மற்றபடி 'குளுகுளு' என்பது குழாயில் கேஸ் ஓடும் சத்தம். 'சொய்ங்' என்றால் சூடான ஹீட்டரில் தண்ணீர்ச் சொட்டு விழுகிறது. அவ்வப்போது 'படக்' என்பது பிளாஸ்டிக் சுருங்கி விரிவது. மூன்றையும் கண்டுகொள்ள வேண்டாம்.

மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிடும்போது அந்த ஸ்விட்சை அவர் எதிரிலேயே அழுத்திக் காட்டுங்கள்.