எந்தக் காற்று, எந்தக் கடல்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் இரண்டு பிள்ளைகளோடு ராமேஸ்வரம் வருகிறோம். கோயில் தவிர தீவும் அலையாத்திக் காடும் பார்க்க ஆசை. எங்கே போகலாம்? – வாசகி, மதுரை

பதில்: முடிந்தால் பயணத்தைப் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்துக்குக் கடல் இரண்டு. பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. முதலாவதைப் பெண்கடல், மற்றதை ஆண்கடல் என்பார்கள் இங்குள்ள மீனவர்கள். பெண்கடல் என்பதால் எப்போதும் அமைதி என்று நம்பிவிடாதீர்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றில் கலங்குவது அதுதான். வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது ஆண்கடல் கொந்தளிக்கும். தை பிற்பகுதி முதல் பங்குனி வரை பெரும்பாலும் இரண்டு பக்கமும் தணிந்து, தண்ணீர் தெளிந்திருக்கும்.

டிசம்பரை விட்டால் வழியில்லை என்றால் தென்கரையைத் தேர்ந்தெடுங்கள். பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை ஏற்பாட்டில் படகு உண்டு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் 21 தீவுகளோடு அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் எந்தத் தீவிலும் கால் வைக்கக் கூடாது. 'தீவில் இறக்கிவிடுகிறேன்' என்று கரையில் யார் அழைத்தாலும் போகாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் படகு நிற்கும். முந்தின நாளே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடி அடிப் படகில் பவளம் பார்க்க ஏற்ற நேரம் காலை 10 முதல் பகல் 2 வரை. வெயில் நேராக இறங்கினால்தான் அடிமட்டம் தெரியும். கண்ணாடியில் வானம் பளபளத்தால் ஒரு துண்டைத் தலையோடு போர்த்திக் குனிந்து பாருங்கள். பலத்த காற்று அடித்து ஓய்ந்த மறுநாளே போனால் கலங்கல்தான் தெரியும்; மணல் படிய ஓரிரு நாள் ஆகும்.

அலையாத்திக்குத் தொண்டிச் சாலையில் காரங்காடு. படகிலும் போகலாம், கயாக்கிலும் துடுப்புப் போடலாம். உயிர்காப்பு உடையின் பட்டைகளை இறுக்கியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். பிள்ளையின் மோவாயைத் தாண்டி ஏறினால் அளவு பெரிது, மாற்றச் சொல்லுங்கள். நீர் குறைவான இடத்தில் கயாக் சேற்றில் தட்டினால் துடுப்பை வேரில் முட்டுக்கொடுத்து நெம்பாதீர்கள். துடுப்பும் ஒடியும், வேரும் ஒடியும். வந்த வழியே பின்னோக்கித் தள்ளினால் போதும். சேற்றில் பென்சில் நட்டதுபோல் நிற்பவை மரத்தின் மூச்சுவேர்கள். அவற்றின் மேல் இறங்கி நடக்கக் கூடாது, வெறுங்காலுக்கும் ஆபத்து.

கேள்வி: ஜூன் மாதம் சித்திரங்குடி சரணாலயம் போனோம். ஒரு பறவைகூட இல்லை. பெயருக்குத்தான் சரணாலயமா? – வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: இல்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம்தான் தவறு. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இல். இவை எல்லாமே மழைநீர்க் கண்மாய்கள்தான். வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடையில் வற்றும். கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் நரியும் நாயும் நெருங்காது. குஞ்சுக்கு மீனும் கிடைக்கும். மழை பொய்த்த ஆண்டில் ஜனவரியிலேயே போனாலும் ஏமாற்றம்தான். கிளம்புமுன் கண்மாய் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று விசாரியுங்கள்.

காலை 6 முதல் 9 வரை, வெயில் உங்கள் முதுகில் படும்படி கரையில் நில்லுங்கள். பைனாகுலர் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 12 மடங்கு வாங்கினால் கரைக்காற்றில் கை நடுக்கமும் 12 மடங்காகத் தெரியும். முதலில் இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை குழாய்களை மடக்குங்கள். வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி ஒரு கிளையைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலது கண் வளையத்தை மட்டும் திருப்புங்கள். கண்ணாடி அணிபவர்கள் ரப்பர் விளிம்பை மடித்துவிட வேண்டும்.

கூட்டு மரத்தை நெருங்கவே வேண்டாம். நண்பகலில் தாய்நாரை சிறகை விரித்து, குஞ்சுக்கு நிழலாக நிற்கும். நீங்கள் விரட்டிவிட்டால் அந்தக் குஞ்சு வெயிலில் வாடும். காகம் முட்டையைத் தூக்கும். மரம் மொத்தமும் எழுந்து பறந்தால் படம் அழகாக வரும் என்று கை தட்டுபவர்களைப் பார்த்தால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: கடற்கரையில் மகள் பொறுக்கிய வெள்ளைப் பவளக்கல்லை எடுத்துவரலாமா? – வாசகி, பரமக்குடி

பதில்: கூடாது. பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. செத்துக் கரை ஒதுங்கியதானாலும் எடுக்க வேண்டாம். காலிச் சங்கும் கிடக்கட்டும், அது துறவி நண்டுக்கு வீடு.

கேள்வி: தனுஷ்கோடியில் பூநாரை (பிளமிங்கோ) எங்கே, எவ்வளவு அருகில் பார்க்கலாம்? – வாசகர், காரைக்குடி

பதில்: கோதண்டராமர் கோயில் பக்கத்துக் காயலிலும் தனுஷ்கோடிச் சாலையோரச் சேற்றுப்பரப்பிலும் தேடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வாய்ப்பு அதிகம். 2025 ஜூனில் இது பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இத்தனை மீட்டர் என்று அளவு வைத்துக்கொள்வதைவிடப் பறவையைப் பாருங்கள். அலகைத் தலைகீழாக நீரில் விட்டு மேய்ந்தால் நீங்கள் நிற்கும் இடம் சரி. கழுத்துகள் ஒன்றாக நிமிர்ந்து, கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். நின்ற இடத்திலிருந்து மெல்லப் பின்வாங்குங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.