அணு ஆயுதம் பல நாடுகளிடம் இருந்தால் போர் வராதா?

'அணு ஆயுதம் பரவப் பரவப் போர் குறையும் என்று ஒரு கோட்பாடு இருக்கிறதாமே, நம்பலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. 1981-ல் அமெரிக்க அறிஞர் கென்னத் வால்ட்ஸ் எழுதியது. அவர் கணக்கு எளிது: திருப்பி விழும் அடியில் தன் ஊரே மிஞ்சாது என்று தெரிந்தால் எவனும் முதலில் கை ஓங்க மாட்டான். எம்.ஏ. படித்தபோது இது எனக்கு வேதவாக்கு. அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டே இருந்தார்கள், நேரடிப் போர் வரவில்லையே!

அப்புறம்தான் வால்ட்ஸை மறுத்து எழுதிய இன்னோர் அமெரிக்க அறிஞர் ஸ்காட் சேகனைப் படித்தேன். நாட்டை யோசித்து முடிவெடுக்கும் ஒற்றை ஆளாக வால்ட்ஸ் பார்க்கிறார். சேகனோ, குண்டைக் காவல் காப்பவரையும் வயர் இழுத்தவரையும் போய்ப் பார்க்கிறார்.

அவர் தோண்டியெடுத்த ஒரு சம்பவம். 1962 அக்டோபர் 25, கியூபா நெருக்கடி: கியூபாவில் வைத்த சோவியத் ஏவுகணைகளால் அமெரிக்காவும் சோவியத்தும் போரின் விளிம்பில் நின்ற நாட்கள். அமெரிக்காவின் டுலூத் தளத்தில் நள்ளிரவில் ஏதோ ஓர் உருவம் வேலி ஏறுகிறது. காவலர் சுட்டுவிட்டு, நாசவேலை அலாரத்தை அழுத்துகிறார். அக்கம்பக்கத் தளங்களிலும் அது அலறுகிறது. விஸ்கான்சினின் வோல்க் ஃபீல்டில் மட்டும் வயரிங் கோளாறு. அங்கே அடித்தது விமானங்களைக் கிளப்பும் மணி. அந்த நாட்களில் ஒத்திகை கிடையாது என்று விமானிகளிடம் சொல்லியிருந்தார்கள். ஆக, போர் தொடங்கிவிட்டது என்றே நினைத்தார்கள். அணு ஆயுதம் ஏந்திய எஃப்-106 விமானங்கள் ஓடுபாதையில் நகரத் தொடங்கிவிட்டன. ஓர் அதிகாரி காரை ஓடுபாதைக்குள்ளேயே விட்டு, விளக்கை மின்னவைத்துத் தடுத்தார்.

வேலி ஏறியது கரடி.

நம் பக்கத்துக்கு வந்தால், 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் குண்டு வெடித்துக் காட்டின. அடுத்த மே மாதமே கார்கில். பெரிய போர் வராது என்ற தைரியமே சின்னச் சண்டைக்கு வழிவிட்டது என்பார்கள். இந்தியத் தரப்பில் மட்டும் 500 பேருக்கு மேல் இறந்த சண்டையைச் 'சின்ன' என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று நம் விமானப்படைக்கு உத்தரவு இருந்ததும் உண்மை. இங்கே வால்ட்ஸுக்குப் பாதி மார்க் கொடுக்கலாம்.

முழு மார்க் கொடுக்க விடாமல் தடுப்பது 2022 மார்ச் 9. இந்தியாவின் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பறந்து, பாகிஸ்தானின் மியான் சன்னு பக்கம் விழுந்தது. நல்லவேளை, வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. மூன்று அதிகாரிகள் வழக்கமான நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று விசாரணை சொன்னது. ஆகஸ்டில் மூவரையும் பணிநீக்கம் செய்தார்கள்.