கையைத் தட்டினால் விட்டுவிடுவாராம்!

கேள்வி: நெருக்கமான நேரத்தில் என் கழுத்தை அழுத்துவது கணவருக்குப் பிடித்திருக்கிறது. மூச்சுக்குழாயைத் தொடாமல் இரு பக்கங்களிலும் மெல்ல அழுத்தினால் ஆபத்து இல்லை என்றும், நான் கையைத் தட்டினால் உடனே விட்டுவிடுவதாகவும் சொல்கிறார். போன வாரம் மட்டும் சில நொடிகள் என்ன நடந்தது என்றே எனக்கு நினைவில்லை. இதற்குப் பயப்பட வேண்டுமா?

பதில்: பயப்படத்தான் வேண்டும். போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். நினைவில் இல்லாத அந்தச் சில நொடிகளில் நீங்கள் மயங்கிவிட்டீர்கள் என்றே கொள்ள வேண்டும்.

மூச்சுக்குழாயை விட்டுவிட்டதாலேயே உங்கள் கணவர் நிம்மதியாக இருக்கிறார். ஆனால் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளும், அங்கிருந்து இரத்தம் இறங்கும் சிரைகளும் ஓடுவது அவர் அழுத்தும் அந்த இரு பக்கங்களில்தான். தாடைக்குக் கீழே விரலை லேசாக வைத்தாலே துடிப்பு தெரியும் அளவுக்கு அந்தத் தமனி மேலாக இருக்கிறது. மூச்சுக்குழாயை நசுக்கத் தேவைப்படுவதைவிட மிகக் குறைந்த பலமே அதை அடைக்கப் போதும். தன்னார்வலர்களின் கழுத்தில் காற்றுப்பட்டையைக் கட்டி மூளைக்குப் போகும் இரத்தத்தை நிறுத்திப் பார்த்த ஓர் ஆய்வு 1943-இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் அவர்கள் நினைவிழக்கச் சராசரியாக 7 நொடிகளே ஆயின.

இனி அந்தக் கைத்தட்டல். தட்ட வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியது மூளை. அழுத்தம் விழுந்ததும் முதலில் பட்டினி கிடப்பதும் அதுவேதான். மயக்கம் வலியோடு வருவதில்லை, தலை லேசாவது போல இதமாகக்கூட வரும். ஆகவே ‘போதும்’ என்று தோன்றுவதற்கு முன்பே கை துவண்டுவிடலாம், நீங்கள் தட்டாததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அங்கே அழுத்தினால் இதயத்துடிப்பு சட்டென்று குறையும், சிலருக்குச் சில நொடிகள் நின்றும் போகும். மருத்துவர்களே சோதனைக்காக அந்த இடத்தை அழுத்தும்போது, ஈ.சி.ஜி. கருவியை இணைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே அழுத்துகிறார்கள். உங்கள் கணவரோ இரண்டு பக்கமும் அழுத்துகிறார்.

தோலில் தடம் எதுவும் இல்லையே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாமலே தமனியின் உட்சுவர் கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்து, சில நாட்களோ வாரங்களோ கழித்துப் பக்கவாதம் வந்ததுண்டு. இளம் வயது அதற்குத் தடையில்லை. ‘மெல்ல அழுத்தினால் போதாதா’ என்று அவர் பேரம் பேசினால், பாதுகாப்பான அளவு என்று எந்த மருத்துவரும் வகுத்துத் தரவில்லை என்று சொல்லுங்கள். வேண்டாம் என்ற பிறகும் அவர் வற்புறுத்தினால் அது விளையாட்டு அல்ல, வன்முறை. அதற்கு வேறு உதவியை நாட வேண்டியிருக்கும்.

வாரம் கடந்துவிட்டதே என்று இராமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள். குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, கடும் தலைவலி, பார்வை மங்கல், ஒரு பக்கம் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கழுத்து அழுத்தப்பட்டது, நினைவு தப்பியது என்ற இரண்டையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வெறும் கழுத்துவலி என்றால் தைலம் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.