இத்தனை வில்லியம்களில் எங்கள் எள்ளுத்தாத்தா யார்?

கேள்வி: மெல்போர்னில் வசிக்கிறேன். என் கணவரின் எள்ளுத்தாத்தா 1850-களில் தங்கம் தேடி இங்கிலாந்திலிருந்து பல்லாரட்டுக்கு வந்தவர். அங்கேயே திருமணம் முடித்து, 1890-களில் இறந்தார். பெயர் வில்லியம். குடும்பப் பெயரும் மிகச் சாதாரணமானது. இணையத்தில் அதே பெயரில் ஏராளமான ஞானஸ்நானப் பதிவுகள் வருகின்றன. அவருடைய சொந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இங்கிலாந்துப் பதிவேடுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். அவர் பிறந்த ஊருக்கு வழி பல்லாரட்டில்தான் தொடங்குகிறது.

பல்லாரட் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசு பதியத் தொடங்கியது 1853 ஜூலையில். அக்கால இங்கிலாந்தில் பெரியவர்களின் இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர்கூட இராது. விக்டோரியாவின் சான்றிதழ் அப்படியல்ல. தாய் தந்தை பெயர், தந்தையின் தொழில், பிறந்த இடம், இங்கே வாழ்ந்த ஆண்டுகள், எங்கே யாரை மணந்தார், பிள்ளைகளின் பெயரும் வயதும் என எல்லாம் கேட்டு எழுதினார்கள். மாநிலப் பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி அதன் படியைப் பெறலாம்.

ஆனால் அந்த விவரங்களைச் சொன்னவர் மகனாகவோ மருமகனாகவோ இருப்பார். கடல் கடந்து இருந்த பாட்டியின் பெயர் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அதனால் திருமணச் சான்றிதழையும் வாங்குங்கள். அதில் ஊரும் பெற்றோர் பெயரும் வில்லியமே தன் வாயால் சொன்னவை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களிலும் தகப்பன் பிறந்த இடம் உண்டு. ஒன்றில் 'கார்ன்வால்' என்று மாவட்டம் மட்டும் இருக்கும், அடுத்ததில் 'ரெட்ரூத்' என்று ஊரே கிடைத்துவிடும். ஒரு பிள்ளையோடு நிறுத்திவிடாதீர்கள்.

சொந்தச் செலவில் கப்பலேறியவர்களின் பட்டியல் 1852 முதல் விக்டோரியா ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் சொந்த ஊர் கிடைப்பது அரிது என்பதால் அங்கே அதிக நேரம் செலவிட வேண்டாம்.

இனி இங்கிலாந்துக்குப் போகலாம். அங்கே அரசுப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர் என்றால் தேவாலயப் பதிவேடுதான் கதி. 1813 முதல் ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயரோடு தந்தையின் தொழிலும் உண்டு. உங்கள் கையிலுள்ள சான்றிதழின் தொழிலோடு அதை ஒப்பிடுங்கள். 1841 கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள், பிறந்த ஊரும் இல்லை. 1851 கணக்கெடுப்பில் பிறந்த பாரிஷ், அதாவது தேவாலயப் பங்கு, உண்டு. அது நடந்தது மார்ச் 30-ல். விக்டோரியாவின் தங்கச் செய்தி அதற்குப் பிறகே இங்கிலாந்தை எட்டியது. ஆகவே உங்களவர் அன்றிரவு இங்கிலாந்தில்தான் இருந்திருப்பார்.

பொருத்தமான ஒருவர் கிடைத்ததும் மகிழ்ந்துவிடாமல், அவர் உங்களவர் இல்லை என்று நிரூபிக்கப் பாருங்கள். அதே வில்லியம் 1861 கணக்கெடுப்பிலும் அந்த ஊரில் மனைவி மக்களோடு இருந்தால், அவர் வேறு ஆள். குழந்தையிலேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தாலும் அப்படித்தான். இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே சகஜம் என்பதால் அடக்கப் பதிவேட்டைக் கட்டாயம் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் பிறர் வரைந்த கொடிவழியை அப்படியே நகலெடுப்பதால்தான், சம்பந்தமே இல்லாத ஒருவரைப் பல குடும்பங்கள் முப்பாட்டன் என்று நம்பிக்கொண்டிருக்கின்றன. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் பழைய செய்தித்தாள்களை இலவசமாகப் படிக்கலாம். அவர் இறந்த வாரத்துப் பல்லாரட் பத்திரிகைகளில் தேடுங்கள். மரண அறிவிப்பின் கடைசியில் 'இன்ன ஊர்ப் பத்திரிகைகளும் இதை வெளியிடுக' என்று சில குடும்பங்கள் சேர்ப்பதுண்டு. அந்த ஊரில்தான் அவருடைய உறவினர்கள் இருந்திருப்பார்கள்.