ஏழு பேருக்கு 175 ரூபாய்

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு தில்லி வருகிறோம். நான், கணவர், மாமியார், 14 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட என் தம்பியும், யாழ்ப்பாணத்திலிருந்து கணவரின் நண்பரும் எங்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். குதுப் மினார் பார்க்க டிக்கெட், கைடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 400 ரூபாய் என்கிறார் வண்டிக்காரர். வெளிநாட்டுக்காரர் இரண்டு பேருக்கும் அதற்கு மேல் தனியாகக் கொடுக்க வேண்டுமாம். நியாயமான தொகைதானா? – ஒரு வாசகி, சிவகாசி

பதில்: இல்லை அம்மா. ஒரு பைசாகூட முன்பணம் கொடுக்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். இந்தியர்களுக்கு டிக்கெட் கவுண்டரில் ரொக்கமாகக் கொடுத்தால் 40 ரூபாய், ஆன்லைனில் எடுத்தால் 35. பதினைந்து வயதுக்குக் கீழே டிக்கெட்டே கிடையாது. ஆகவே உங்கள் பிள்ளைகள் இருவரையும் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். பெரியவன் வயதுக்கு மீறி வளர்ந்திருந்தால் அவனுடைய ஆதார் கையில் இருக்கட்டும். நீங்கள் மூன்று பேர் பெரியவர்கள், 105 ரூபாய்.

இனி தம்பியும் நண்பரும். பணம் போவது இந்த இடத்தில்தான். வெளிநாட்டவருக்கு ரொக்கத்தில் 600, ஆன்லைனில் 550. ஆனால் சார்க், பிம்ஸ்டெக் என்ற இரண்டு அண்டை நாட்டுக் கூட்டமைப்புகளைச் சேர்ந்தவர்களுக்கு இந்தியக் கட்டணமேதான், இலங்கையும் அதில் சேர்த்தி. யாழ்ப்பாணத்து நண்பர் இலங்கை பாஸ்போர்ட்டைக் காட்டினால் 35 ரூபாயில் உள்ளே போகலாம். உங்கள் தம்பியிடம் ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை, இருக்கிறதா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். நினைவுச் சின்னங்களின் நுழைவுக் கட்டணத்தில் ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்களும் இந்தியர்களைப் போலத்தான் என்று 2021 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்துவிட்டது. அட்டை இருந்தால் அவருக்கும் 35. ஏழு பேருக்கும் சேர்த்து 175 ரூபாய், அவ்வளவுதான். அட்டையையும் பாஸ்போர்ட்டையும் ஓட்டல் அறையில் வைத்துவிட்டு வந்தால் அதே ஏழு பேருக்கு 1,205 ரூபாய்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டு வருடம் முன்பு ஊரிலிருந்து வந்த உறவினர்களை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். கவுண்டரில் எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும் நின்றார்கள். ‘நாங்கள் ஃபாரினர்தானே பிள்ளை, அதுக்குத்தான் கூட’ என்று அந்த அம்மா சொன்ன தமிழைக் கேட்டதுமே யாழ்ப்பாணம் என்று தெரிந்துவிட்டது. கையில் இரண்டு ஐந்நூறு, இரண்டு நூறு ரூபாய் நோட்டுகள், நான்காக மடித்தபடி. ‘அம்மா, கொஞ்சம் பொறுங்கள், பாஸ்போர்ட் இருக்கிறதா?’ என்றேன். இருந்தது, பிளாஸ்டிக் உறை போட்டு, கைப்பையின் உள்பையில் பத்திரமாக. ஜன்னலுக்குள் நீட்டியதும் எண்பது ரூபாய்க்கு இரண்டு டிக்கெட் வந்தது. அந்த அம்மா பிறகும் கொஞ்ச நேரம் என் கையை விடவில்லை. கட்டணப் பலகையில் சார்க் என்று எழுதித்தான் இருக்கிறது. ஆனால் அது தன்னைத்தான் சொல்கிறது என்று பயணக் களைப்பில் வரிசையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

கைடு வேண்டுமா என்றால், முதலில் உங்கள் கண்ணை நம்புங்கள். மினாரின் உடம்பை அடியிலிருந்து பார்த்துக்கொண்டே போங்கள். முதல் அடுக்கின் வரிப்பள்ளங்களில் உருண்டையும் கூர்விளிம்பும் மாறி மாறி வரும். இரண்டாவது அடுக்கில் எல்லாமே உருண்டை. மூன்றாவதில் எல்லாமே கூர். பிள்ளைகளிடம் சொல்லாமல், அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள். அதற்கு மேலே பளிங்கு வெள்ளை தெரியும் அடுக்குகள் 1369-இல் இடி விழுந்த பிறகு ஃபிரோஸ் ஷா துக்ளக் காலத்தில் கட்டியவை. பக்கத்து மசூதியின் தூண்களை உங்கள் மாமியாரிடம் காட்டுங்கள். சங்கிலியில் தொங்கும் மணியைக் கல்லில் பார்த்ததும் கோயில் மண்டபத் தூண் என்று அவரே சொல்லிவிடுவார். 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அதன் வாசல் கல்வெட்டே சொல்கிறது.

அப்புறம் அந்த இரும்புத் தூண். 7 மீட்டருக்கு மேல் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை, 1,600 வருட வயது. சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் அதில் முதுகைச் சாய்த்து, பின்னால் கைகளைக் கோத்துப் பார்த்திருக்கிறோம். விரல்கள் தொட்டுக்கொண்டால் நினைத்தது நடக்கும் என்பார்கள். இத்தனை பேர் உரசியதில் தூணின் ஒரு பகுதி மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது. 1997-இல் வேலி போட்டார்கள். அது ஏன் துருப்பிடிக்கவில்லை என்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம் வருடக்கணக்கில் ஆராய்ந்தார். இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகிறது என்பது அவர் கண்டது. இவ்வளவும் தெரிந்துகொண்டு போனால் கைடு இல்லாமலே இரண்டு மணி நேரம் போதாது.

ஜனவரியில் காலைப் பனிமூட்டத்தில் மினாரின் உச்சி கண்ணுக்கே தெரியாத நாட்கள் உண்டு. பதினொரு மணிக்கு மேல் போங்கள். மெட்ரோவில் மஞ்சள் பாதையில் குதுப் மினார் என்றே நிலையம் இருக்கிறது. ஆனால் இறங்கியதும் எதிரே மினார் நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள், இன்னும் ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். மாமியாரை நடக்க வைக்காமல் ஆட்டோ பிடியுங்கள். ஏறும் முன் ஆளுக்கா, வண்டிக்கா என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மேலே ஏறிப் பார்க்கத் தனி டிக்கெட் உண்டா? வாங்கித் தருவதாக ஒருவர் என் நண்பரிடம் பணம் கேட்டாராம். – ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: கிடையாது ஐயா. 1981 டிசம்பர் 4-ஆம் தேதி படிக்கட்டுக்குள் விளக்கு அணைந்து, இருட்டில் நெரிசல் உண்டாகி 45 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதன்பின் பொதுமக்களுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு முதல் உப்பரிகை வரை நான் ஏறியிருக்கிறேன். இறங்கி வருகிறவர்களுக்கு வழிவிட அப்பா என்னைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியதும், அந்தக் கல்லின் சில்லிப்பும் இன்னும் நினைவில் இருக்கின்றன. விபத்துச் செய்தி வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. ஏற்றிவிடுகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் அது பொய். தயவுசெய்து உங்கள் நண்பரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மலேசியத் தமிழர்களுக்குச் சலுகை உண்டா? – ஒரு வாசகர், கோலாலம்பூர்

பதில்: மலேசியாவும் சிங்கப்பூரும் அந்த இரண்டு கூட்டமைப்புகளிலும் இல்லை. ஓ.சி.ஐ. இல்லாவிட்டால் 550 ரூபாய்தான். பதினைந்துக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். ஏப்ரல் 18, நவம்பர் 19 ஆகிய பாரம்பரிய நாட்களில் தொல்லியல் துறை வழக்கமாகக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும். குடும்பமாக வருகிறவர்களுக்கு 550 பெரிய தொகைதான், தேதி ஒத்துவந்தால் வாருங்கள், கூட்டம் மட்டும் தாங்க வேண்டும். எப்படியும் மினாரை ஒட்டியுள்ள மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவை விட்டுவிடாதீர்கள். அங்கே டிக்கெட்டே இல்லை. பால்பனின் சமாதி, ஜமாலி கமாலி மசூதி, 1506-இல் கட்டிய ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறு எல்லாம் அதற்குள்தான். படிக்கிணற்றில் மாலை நாலு மணிக்கு உட்காருங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், உள்ளே கடை இல்லை.