திலாவா கப்பலோடு போனவரை எங்கே தேடுவது?

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் 1942இல் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கா போகும் வழியில் ‘திலாவா’ கப்பலோடு கடலில் போய்விட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பெயர் எங்காவது பதிவாகியிருக்குமா?

கட்டாயம் தேடலாம். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: அவர் கப்பலில் வேலை பார்த்தவரா, டிக்கெட் எடுத்துப் போன பயணியா? அதைப் பொறுத்துத் தேடும் இடமே மாறிவிடும்.

திலாவா பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல். மொம்பாசா, டர்பன் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, நவம்பர் 23 அதிகாலையில் ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கி அதைத் தாக்கியது. முதல் டார்பிடோவிலேயே (நீருக்கடியில் பாய்ந்து வந்து வெடிக்கும் குண்டு) கப்பல் மூழ்கிவிடவில்லை. படகுகளில் இறங்கியவர்களில் பலர், கப்பல் இன்னும் மிதக்கிறதே என்று திரும்ப ஏறினார்கள், அப்புறம்தான் இரண்டாவது டார்பிடோ வந்தது. கப்பலில் இருந்த 958 பேரில் 280 பேர் இறந்துபோனார்கள். மீதிப் பேரைப் பெரும்பாலும் ‘பர்மிங்காம்’ போர்க்கப்பல்தான் காப்பாற்றியது.

அவர் கப்பல் ஊழியர் என்றால், போரில் இறந்தவர்களின் பெயர்களைப் பதிவுசெய்து வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். அந்தக் காலத்தில் நம் ஆட்களின் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள், பலருக்கு ஒற்றைப் பெயர்தான், அப்பா பெயர்கூட இருக்காது. அதனால் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, இறந்த தேதியையும் வணிகக் கடற்படை (Merchant Navy) என்பதையும் கொடுத்து, வரும் பட்டியலில் கப்பல் பெயரைப் பாருங்கள். தேதியை முன்னும் பின்னும் ஓரிரு நாள் தள்ளியும் பார்த்துவிடுங்கள். கடலில் இறந்த 6,000க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகளின் பெயர்கள் அடங்கிய நினைவுப் புத்தகம் வங்கதேசத்தின் சிட்டகாங்கிலும், மும்பை இந்திய மாலுமிகள் இல்லத்திலும் இருக்கிறது.

பயணி என்றால் அந்தப் புத்தகத்தில் பெயர் இருக்காது, எனக்கு இதில் வருத்தம் உண்டு. திலாவா என்று தேடினால், கப்பலோடு மூழ்கி 2017இல் கடலடியிலிருந்து எடுத்த 2,364 வெள்ளிக்கட்டிகளின் வழக்குச் செய்திதான் வந்து குவிகிறது, அதில் போன மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் பெயர்களைத் திரட்டி வருகிறார்கள். அவர்களுக்கு எழுதுங்கள். வீட்டில் பழைய கடிதமோ, பாஸ்போர்ட்டோ, கம்பெனியிலிருந்து வந்த தந்தியோ இருந்தால் அதன் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.