சினிமா, கொடை, கண் முகாம்: ஒரு ஒலிப்பதிவுக்காரரின் கேள்வி பதில்

நான் லொக்கேஷன் சவுண்ட் வேலை பார்ப்பவன், பாளையங்கோட்டைப் பக்கம். அறக்கட்டளைகளுக்கும் படம் செய்து கொடுக்கிறேன். கேளுங்கள்.

பேட்டை தம்பி: அண்ணாச்சி, ஷூட்டிங் இல்லாத மாசம் என்ன செய்வீங்க?

அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் சினிமா யூனிட் வந்தால் பூம், அதாவது நீளக் கம்பில் கட்டிய மைக், பிடிக்கப் போவேன். டப்பிங் படமென்றால் அங்கே பைலட் டிராக் மட்டும்தான், பின்னால் டப்பிங் பேசும்போது பார்த்துக்கொள்ள எடுக்கும் ஒலி. மற்றபடி கல்யாணம், காலேஜ் விளம்பரம், கண் முகாம். ஆடியில் கோயில் கொடைகள், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்கள்.

கொடைக்கு எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வில்லுப்பாட்டைக் குழாய் ஸ்பீக்கர் முன்னால் நின்று பதிவு செய்யாதீர்கள். மைக் செட்டுக்காரரிடம் கேட்டு மிக்சரிலிருந்து ஒரு லைன் வாங்குங்கள். அதோடு தனியாக ஒரு மைக்கை வில்லுக்கும் குடத்துக்கும் நடுவில் வையுங்கள். குடத்தின் வாயில் அடிக்கும்போது காற்று பிடித்துத் தள்ளும். நேர் எதிரே வைத்தால் ஒலி வெடித்துவிடும், சற்றுச் சாய்த்து வையுங்கள். வில்லை அடிக்கும் வீசுகோல் பட்டு வில்மணி குலுங்குவது தெளிவாகக் கேட்க வேண்டும். அது இல்லாத பதிவு எனக்கு வில்லுப்பாட்டாகவே தோன்றாது.

வள்ளியூர்: பேட்டி எடுத்தா காத்துச் சத்தம்தான் வருது. எந்த மைக் வாங்கணும்?

புது மைக் வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்றுக்கு எந்த மைக்கும் தாங்காது. ரோமக் கவர் போடுங்கள். லேப்பல் மைக்கை, சட்டையில் குத்தும் அந்தக் குட்டி மைக்கை, சட்டைக்கு உள்ளே ஒட்டுங்கள். ரெக்கார்டரில் லோ கட்டை, அடித்தொனி இரைச்சலை வெட்டும் வசதியை, 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். விடிகாலையில் எடுங்கள். வீட்டுக்குள் எடுத்தால் ஃபேனை நிறுத்துங்கள்.

தென்காசி: எந்த மைக் நல்லது அண்ணாச்சி?

மேலே படியுங்கள். ஃபேனையும் நிறுத்துங்கள்.

மேலப்பாளையம்: டியூப் லைட் வெளிச்சத்தில் வீடியோ மினுக்குது.

நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம் வைத்து, ஷட்டரை நொடியில் 50-இல் ஒரு பங்கு வையுங்கள். அதற்கு மேல் கேமராக்காரரிடம் கேளுங்கள்.

திசையன்விளை: ட்ரஸ்ட் படத்துக்குக் கடற்கரையில் ட்ரோன் விடலாமா?

கூடங்குளம், மகேந்திரகிரி, விஜயநாராயணம் மூன்றும் உங்கள் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. அணுமின் நிலையம், இஸ்ரோ, கடற்படை. முதலில் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். சிவப்பு மண்டலமென்றால் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது, ட்ரோன் 250 கிராமுக்குள் இருந்தாலும் சரி. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் என்றால் வனத்துறையிடமும் கேட்க வேண்டும்.

ஆலங்குளம், ஒரு அறக்கட்டளையில் இருக்கும் அக்கா: பயனாளி அழுற மாதிரி எடுத்தாத்தான் நன்கொடை வருது. நீங்க ஏன் மாட்டேங்குறீங்க?

வாங்கக்கா, இதைத்தான் எதிர்பார்த்தேன். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு அம்மாவைப் படம் எடுத்தோம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், முகம் வேண்டாம் என்றார். சரி என்று கையை மட்டும் எடுத்தோம். மடியில் சுளகு. தகட்டை வைத்து இலையைக் கத்தரிக்கிற சத்தம், தூள் போட்டு உருட்டி நூல் கட்டும் விரல். அந்தக் கத்தரிச் சத்தத்துக்கு மேலே அவர் பேசினார், கண் வலியைப் பற்றி. சோகப் பாட்டு எதுவும் போடவில்லை. பார்த்தவர்கள் அந்த அம்மாவுக்கு என்ன தேவை என்று கேட்டார்கள். அழுதுகொண்டிருந்தால் 'பாவம்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

அதே அக்கா: ஒரு படத்தை வச்சுச் சொல்லாதீங்க. எங்களுக்கு மாசச் சம்பளம் கொடுக்கணும்.

உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் உதவி வாங்க வரிசையில் நிற்பவரிடம் 'படம் எடுக்கலாமா' என்று கேட்டால், எப்படி மாட்டேன் என்பார்? அரிசி மூட்டை அவர் கண் முன்னால் இருக்கிறதே. அதனால் உதவியை முதல் நாள் கொடுத்துவிடுங்கள், கேமராவோடு வேறொரு நாள் போங்கள். எடிட் ஆனதை முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். நீக்கச் சொன்னால் நீக்குங்கள்.

நாங்குநேரி, ஆசிரியர்: அக்கா சொல்வதும் சரிதானே? அவரே மனசார அழுதால்?

அழட்டும் சார், மனிதர்தானே. மைக் ஓடட்டும், கேமராக்காரரைக் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். 'இன்னொரு தடவை அழுங்கம்மா' என்று கேட்பதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். அந்த வேலைக்கு நான் வரமாட்டேன்.

அதே ஆசிரியர்: ஆதரவற்றோர் விடுதிப் பிள்ளைகள் முகத்தைக் காட்டலாமா?

இதில் விவாதமே இல்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், முகம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74. ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். காப்பாளர் தலையாட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள்.

சங்கரன்கோவில்: எந்த மைக்…

தம்பி, மூன்றாவது முறை. மைக்கை விடுங்கள், ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வையுங்கள், ஃபேன் ஆஃப்.

சேரன்மகாதேவி: ட்ரஸ்ட் படத்தை இலவசமா செய்யலாமா?

செய்யுங்கள், ஆனால் எழுதி வாங்குங்கள். காசு வாங்கிச் செய்கிற படத்துக்கு, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, செய்யச் சொன்னவருக்கே உரிமை. காசில்லாமல் செய்யும்போதுதான் ஃபுட்டேஜ் யாருக்கு என்று சண்டை வரும். டீசல், சாப்பாடு, உதவியாளர் பேட்டா மூன்றையும் அவர்கள் தரட்டும்.

ஆலங்குளம் அக்கா: சரி, அடுத்த மாசம் முகாம். பாட்டு போடாம ஒரு படம் செஞ்சு தாங்க, பாப்போம்.

வருகிறேன் அக்கா. அரிசி முதல் நாளே போகட்டும். ஹாலில் எத்தனை ஃபேன் என்று இப்போதே எண்ணிச் சொல்லுங்கள்.